யூரியா கூடக் கூடப் புல்லில் புரதம் ஏன் குறைகிறது?

கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடி பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நான்கு கறவை மாடுகள், ஐம்பது சென்ட் நிலத்தில் கோ-4 கம்பு நேப்பியர், வரப்போரம் கொஞ்சம் தீவனச் சோளம். கணவர் நெய்வேலியில் ஒப்பந்த வேலைக்குப் போகிறார். மாட்டையும் வயலையும் பார்ப்பது, சொசைட்டிக்குப் பால் ஊற்றுவது எல்லாம் இவர்தான்.

பிரச்சினை இதுதான். மூன்று வருடமாகப் பால் 'டிகிரி' (பாலின் அடர்த்தியைப் பார்க்கும் அளவு) நிற்கவில்லை, எஸ்.என்.எஃப் (பாலில் கொழுப்பு தவிர்த்த திடச்சத்து) குறைந்து விலையில் பிடிக்கிறார்கள். 2024 கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழையில் வயலில் நாலைந்து நாள் தண்ணீர் நின்று புல் மஞ்சளித்துப் போனது. அப்போதிருந்து கொழுந்தனார் யோசனைப்படி ஒவ்வொரு அறுப்புக்குப் பின்னும் இரண்டு மூட்டை யூரியா போடுகிறார். புல் ஆள் உயரத்துக்கு மேல் வளர்கிறது. அறுப்புக்கு ஆறு டன் வருகிறது. ஆனால் வேளாண்மை படிக்கும் மகன் கல்லூரி ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தபோது புரதம் 7 சதவீதம்தான் இருந்ததாம். 'காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடிவிட்டது, உலகம் முழுக்கப் புல்லில் நைட்ரஜன் குறைகிறது, நம்மால் ஒன்றும் செய்ய முடியாதும்மா' என்கிறார் மகன். 'மழை அடித்துக்கொண்டு போகுது, இன்னொரு மூட்டை சேர்த்துப் போடுங்க அண்ணி' என்கிறார் கொழுந்தனார்.

இதற்கு நடுவே போன செப்டம்பரில், சில வாரம் காய்ந்த பிறகு பெய்த முதல் மழைக்கு மறுநாள், சோளத்தை அறுத்துப் போட்டிருக்கிறார். ஏழு மாதச் சினைப் பசு நடுங்கி, மூச்சிரைத்து விழுந்தது. வந்த டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு நீல நிற மருந்தை நரம்பில் ஏற்றினார், மாடு எழுந்துகொண்டது. ஆனால் பத்து நாளில் கன்று வீசிவிட்டது. 'யூரியாவில் கலப்படம் என்று நினைக்கிறேன். கடைக்காரர் மேல் புகார் கொடுக்கலாமா? கோ-4 வயலை அழித்துவிட்டு வேறு ரகம் போடலாமா? வீட்டில் யார் பேச்சைக் கேட்பது?' என்று முடிக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

ஒரு அறுப்பில் புல், மாடு, கன்று மூன்றையும் பற்றிக் கவலைப்பட வைத்துவிட்டது உங்கள் வயல். வீட்டில் இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டையும் அப்படியே எடுத்துக்கொண்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

மகன் சொல்வதில் எது சரி

முதலில் உங்கள் மகன் சொல்வது. கார்பன் டை ஆக்சைடு கூடியது உண்மை. 1958-ல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்கு 315 பங்கு அளவில் இருந்தது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. கார்பன் டை ஆக்சைடிலிருந்து கரி அதிகம் கிடைக்கும்போது செடி மாவுச்சத்தையும் நாரையும் வேகமாகச் சேர்க்கிறது. தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், அதே வேகத்தில் கூடுவதில்லை. அதே பருப்பில் இன்னும் ரெண்டு செம்பு தண்ணீர் விட்ட சாம்பார்தான்.

ஆனால் எல்லாப் பயிரும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. நெல், கோதுமை, குளிர்நாட்டுப் புல்வகைகளில் இந்த நீர்த்துப்போதல் நன்றாகத் தெரியும். உங்கள் வயலில் இருக்கும் கம்பு நேப்பியர், சோளம், வரப்பில் முளைக்கும் அருகு, கொழுக்கட்டைப்புல் எல்லாம் வேறு இனம், வெப்பநாட்டுப் புல். இலைக்குள்ளேயே கரியைத் திரட்டி வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அவற்றுக்கு ஏற்கெனவே உண்டு. அதனால் காற்றில் கரி கூடுவது மட்டுமே அவற்றின் புரதத்தைப் பெரிதாகக் குறைப்பதில்லை. பயிர் தழைச்சத்தைப் பயன்படுத்தும் விதத்தை இரண்டு வருடச் சோதனையை வைத்து முடிவு கட்டவும் முடியாது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் சீடார் கிரீக் என்ற இடத்தில் 20 ஆண்டு கூடுதல் கரி கொடுத்துப் பார்த்தார்கள். முதல் 12 ஆண்டு குளிர்நாட்டுப் புல்வகைதான் பலன் பெற்றது. அதற்குப் பிறகு நிலைமை தலைகீழாகி வெப்பநாட்டு இனப் புல்லுக்குப் பலன் போனது. மண்ணில் தழைச்சத்து கிடைக்கும் விதம் மாறியதுதான் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். மகனிடம் இதைச் சொல்லுங்கள், தேடிப் படிப்பார்.

உங்களுக்கு நேராக உதவுவது இன்னொரு ஆய்வு. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் பண்ணையில் 1856-ல் ஒரு புல்வெளிச் சோதனை தொடங்கியது. இன்றும் நடக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் அறுத்த புல்லில் கொஞ்சம் காயவைத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். அந்தப் பழைய வைக்கோல்களை எடுத்து மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தார்கள். காற்றில் கரி கூடியதும் இலையின் துளைகள் சுருங்குகின்றன, செடி குறைவாகத் தண்ணீர் இழுக்கிறது. மண்ணில் கரைந்திருக்கும் தழைச்சத்து அந்தத் தண்ணீரோடுதான் வேருக்கு வந்து சேர வேண்டும். தண்ணீர் இழுப்பது குறைந்தால் தழைச்சத்து வரத்தும் குறையும். அதிகம் அடிபட்டவை உரத்தை நிறையக் கொட்டிப் புல் மட்டும் மண்டிய பாத்திகள். பலவகைச் செடிகள் கலந்த, உரம் குறைந்த பாத்திகளுக்கு அந்த அளவு பாதிப்பில்லை. குளிர்நாட்டுப் புல்வெளியில் கண்டதை அப்படியே குறிஞ்சிப்பாடிக்குப் பொருத்த முடியாது. ஆனால் வெப்பநாட்டுப் புல்லின் இலைத்துளைகளும் கரி கூடினால் சுருங்கத்தான் செய்கின்றன. மூட்டையைக் கூட்டுவதால் மட்டும் தழைச்சத்து புல்லுக்குள் போய்விடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மூட்டைக் கணக்கு

நீங்கள் எழுதிய எண்களை வைத்தே பார்ப்போம். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. 45 கிலோ மூட்டை இரண்டு என்றால் ஏறக்குறைய 41 கிலோ. அறுத்தது ஆறு டன் பச்சைப் புல். முற்றின புல் என்பதால் நாலில் ஒரு பங்கு காய்ந்த எடை என்று வைத்தால் 1,500 கிலோ. அதில் 7 சதவீதம் புரதம் என்றால் 105 கிலோ. புரதத்தில் 6.25-ல் ஒரு பங்குதான் தழைச்சத்து. வகுத்தால் 17 கிலோவுக்குள்தான்.

41 கிலோ போட்டு 17 கிலோ எடுத்திருக்கிறீர்கள். நீங்கள் போடும் சாணத்தில் இருப்பதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. மிச்சம் எங்கே?

ஒரு பங்கு காற்றில். வெயிலில் ஈர மண்ணின் மேல் தூவிவிட்டுப் போனால் யூரியா அம்மோனியாவாகி ஆவியாகிறது. சூடு கூடக் கூட இந்த இழப்பும் கூடும். இந்த இழப்பில் பெரும்பங்கு முதல் ஒரு வாரத்திலேயே நடந்துவிடும். வேப்பெண்ணெய் பூசிய யூரியாதான் இப்போது எல்லோருக்கும் வருகிறது. மண்ணில் அது நைட்ரேட்டாக (தண்ணீரில் எளிதில் கரையும் தழைச்சத்து வடிவம்) மாறுவதை அந்தப் பூச்சு கொஞ்சம் தாமதப்படுத்தும், ஆனால் இந்த ஆவி இழப்பை அவ்வளவாகத் தடுக்காது. இன்னொரு பங்கு தண்ணீரோடு கீழே இறங்குகிறது. உங்கள் பக்கத்து மணல் கலந்த செம்மண்ணில் இது அதிகம். தண்ணீர் தேங்கினால் மூன்றாவது வழி: மண்ணில் காற்றில்லாமல் போனதும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை வாயுவாக்கிவிடுகின்றன. ஃபெஞ்சலுக்குப் பிறகு புல் மஞ்சளித்ததற்கு வேர் மூச்சுவிட முடியாமல் போனதும் இந்த இழப்பும் சேர்ந்த காரணம். அப்படிப் போகும் வாயுக்களில் ஒன்றான நைட்ரஸ் ஆக்சைடு, எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைப் போல 273 மடங்கு பூமியைச் சூடாக்கும். காலநிலை மாற்றம் உங்கள் உரத்தைத் தின்கிறது, தின்ற உரம் காலநிலையை இன்னும் கெடுக்கிறது.

கொழுந்தனார் 'மழை அடித்துக்கொண்டு போகுது' என்றது சரி. அதற்கு இன்னொரு மூட்டை மருந்தில்லை, அவ்வளவுதான். ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் பெய்தது. அப்படிப் பெய்கிற காலத்தில் மண்ணில் முன்கூட்டியே போட்டு வைத்த உரம் எத்தனை மூட்டையாக இருந்தாலும் நிற்காது.

இப்போது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். 'ஆள் உயரத்துக்கு மேல் போகவிட்டு, எழுபது நாளுக்கு ஒரு தடவை அறுக்கிறோம்' என்கிறீர்கள். புரதம் 7-க்கு இறங்கியதில் கரிக்கும் புயலுக்கும் இருக்கும் பங்கைவிட இதற்குப் பங்கு அதிகம் என்பது என் எண்ணம். நட்ட பிறகு முதல் அறுப்பு 75 நாள் வாக்கில், அதன்பின் 45 நாளுக்கு ஒரு முறை என்பதுதான் கோ-4-க்கு முறை. எழுபது நாளில் தண்டு தடித்து, நார் ஏறி, கீழ் இலை காய்ந்திருக்கும். எடை வரும், சத்து வராது. வெயில் கூடினால் இந்த முற்றலும் சீக்கிரம் வருகிறது. கோடையில் 40 நாளிலேயே அறுக்க வேண்டி வரலாம்.

பால் டிகிரி இறங்கியதற்கும் புல் மட்டும் பொறுப்பில்லை. மாடு வெக்கையில் தீனியைக் குறைக்கும், அதுவே எஸ்.என்.எஃப்-ஐ இறக்கும். கூரைக்கு மேல் தென்னை ஓலை, மதியம் உடம்பில் தண்ணீர், எந்நேரமும் தொட்டியில் குடிநீர். செலவில்லாத இவற்றை முதலில் செய்யுங்கள்.

சோளம் அறுத்த அன்று நடந்தது

டாக்டர் போட்ட நீல மருந்து மெத்திலீன் புளூ. நைட்ரேட் நஞ்சுக்கு அதுதான் கொடுப்போம். ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருந்திருக்கும். அவர் அதைப் பார்த்துத்தான் முடிவெடுத்திருப்பார். நல்ல டாக்டர், அவரை விட்டுவிடாதீர்கள்.

நடந்தது என்னவென்றால், மழையில்லாமல் காயும்போது பயிர் வளர்வது நின்றுபோகும், நீங்கள் போட்ட யூரியா நைட்ரேட்டாக மண்ணில் காத்திருக்கும். முதல் மழை பெய்ததும் வேர் அதை மொத்தமாக உறிஞ்சும். இலை அதைப் புரதமாக மாற்ற வெயிலும் சில நாட்களும் வேண்டும். அதற்குள் அறுத்துப் போட்டால் மாட்டின் முதல் வயிற்றில் அது நைட்ரைட்டாகி ரத்தத்தில் கலக்கிறது. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகிறது. புல்லின் காய்ந்த எடையில் நைட்ரேட் 1 சதவீதத்தைத் தாண்டினாலே ஆபத்து. காய்ந்து கிடந்து மழை பெய்தால் ஒரு வாரமாவது பொறுங்கள். அறுக்கும்போது அடித்தண்டு முக்கால் அடியை விட்டுவிடுங்கள், நைட்ரேட் அங்கேதான் தங்கும். மேகமூட்டமாகவே நாலு நாள் போனாலும் இதே எச்சரிக்கை. வெயிலில் உலர்த்தினால் நைட்ரேட் போகாது. ஊறுகாய்ப்புல்லாக (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்க வைத்த தீவனம்) போட்டால் நல்ல அளவுக்குக் குறையும். முதலில் வைக்கோலைப் போட்டுப் பசியைத் தணித்துவிட்டு, புல்லை நறுக்கிக் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

சோளத்தில் இன்னொரு நஞ்சும் உண்டு. இளம் சோளத்திலும், வாடிய பயிரின் மறுதழைவிலும் சயனைடு இருக்கும். அதில் ரத்தம் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும். இரண்டுக்கும் மருந்து வேறு. அதனால் மாடு விழுந்தால் 1962-க்குப் போன் செய்யுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். வருவதற்குள் எண்ணெய், மோர், புளிக்கரைசல் என்று வாயில் ஊற்றாதீர்கள். தள்ளாடுகிற மாட்டுக்கு ஊற்றியது நுரையீரலுக்குப் போய்விடும். நஞ்சிலிருந்து பிழைத்த மாடு இந்த மோரால் செத்ததைப் பார்த்திருக்கிறேன்.

கன்று வீசியதற்கு நைட்ரேட் காரணமாக இருக்கலாம், பொருந்தி வருகிறது. ஆனால் அதோடு நிறுத்திவிட வேண்டாம். கடைசி மூன்று மாதத்தில் கன்று வீசினால் புருசெல்லா நோயைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அது மனிதருக்கும் தொற்றும். மாட்டின் ரத்தத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுத்தவருக்கு விட்டு விட்டுக் காய்ச்சலோ மூட்டுவலியோ இருந்தால் டாக்டரிடம் இந்தச் சம்பவத்தைச் சொல்ல வேண்டும். பாலைக் கொதிக்க வைக்காமல் யாரும் குடிக்க வேண்டாம். கிடாரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் ஒரு முறை போடும் தடுப்பூசி அரசு கால்நடை மருந்தகத்தில் கிடைக்கிறது.

இன்னொன்று. உங்கள் கிணறு எருக்குழியை ஒட்டி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். போடும் யூரியாவில் பாதிக்கு மேல் மண்ணில் தொலைகிறது என்றால் கிணற்று நீரையும் பரிசோதியுங்கள். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருந்தால் குடிக்கக் கூடாது. கைக்குழந்தைக்குப் பால் கலக்கவே கூடாது. காய்ச்சினாலும் போகாது.

கடைக்காரர் மேல் புகார்

கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. உரம் பற்றிச் சந்தேகம் இருந்தால் வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடம் எழுதிக் கொடுக்கலாம். 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உர ஆய்வாளர்தான் முறையாக மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ஆனால் இந்த விஷயத்தில் நான் உங்களை உற்சாகப்படுத்த மாட்டேன். யூரியா போலியாக இருந்தால் புல் ஆள் உயரம் வளர்ந்திருக்காது, சோளத்தில் நைட்ரேட்டும் ஏறியிருக்காது. பில்லும் இல்லை, மூட்டையும் இல்லை என்கிறீர்கள். இனி பில் வாங்கி வையுங்கள், அது எதற்கும் உதவும்.

மாட்டு இன்சூரன்ஸ் பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். வழக்கமான பாலிசிகள் மாடு இறந்தால்தான் பணம் தரும், கன்று வீசினால் தராது. மாட்டின் காதில் போட்ட அடையாள வில்லை விழுந்துவிட்டால் உடனே தெரிவித்து மாற்றிக்கொள்ளுங்கள். வில்லை இல்லாவிட்டால் கோரிக்கையையே தள்ளிவிடுவார்கள்.

இனி என்ன செய்யலாம்

யூரியாவை அறுப்புக்கு ஒரு மூட்டையாகக் குறையுங்கள். அதையும் இரண்டாகப் பிரியுங்கள்: அறுத்த நாலைந்து நாளில் தூர் துளிர்க்கும்போது பாதி, இருபதாம் நாள் மீதி. வரிசைக்குப் பக்கத்தில் கீறி, போட்டு, மூடி, உடனே லேசாகத் தண்ணீர் காட்டுங்கள். சாயங்காலம் போடுங்கள். வானிலை எச்சரிக்கை இருந்தால் அன்றைக்குப் போடவே வேண்டாம், நாலு நாள் தள்ளினால் ஒன்றும் கெட்டுவிடாது. ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை நடக்கும்போது யூரியாவை நிறுத்திவிட்டு மக்கிய எருவோடு விட்டுவிடலாம். தண்ணீர் நின்று மஞ்சளித்தால், முதலில் வடிகால். புதுத் துளிர் வந்த பிறகு 2 சதவீத யூரியாக் கரைசலை இலையில் தெளியுங்கள். பத்து லிட்டர் டேங்குக்கு 200 கிராம்.

அடுத்தது, புல்லை மட்டும் நம்பாமல் பயறு வகையைக் கூட்டுச் சேர்ப்பது. மூன்று வரிசை கோ-4-க்கு ஒரு வரிசை வேலிமசால். அது தழைச்சத்தைத் தானே காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும், புரதம் 20 சதவீதம் அளவுக்கு இருக்கும். விதையின் தோல் கடினம். சூடான நீரில் சில நிமிடம் போட்டு எடுத்து, ஆறவைத்து, ரைசோபியம் (பயறு வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும் நுண்ணுயிர் உரம்) கலந்து விதையுங்கள். தண்ணீர் தேங்கும் மூலையில் வேண்டாம். வரப்பில் அகத்தி வையுங்கள். புண்ணாக்கு வாங்கும் காசு இதில் கொஞ்சம் மிஞ்சும். எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்ல முடியாது, மாடு எவ்வளவு தின்கிறது என்பதைப் பொறுத்தது. நீங்கள் போடும் வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான் என்பதால் இந்தத் தழை அதற்கும் ஈடுகட்டும்.

மண் பரிசோதனையும் செய்துவிடுங்கள். தழைச்சத்தையே போட்டுக்கொண்டிருந்தால் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாஷ்) தீர்ந்திருக்கும், அப்போது புல்லால் இருக்கிற யூரியாவையும் எடுக்க முடியாது. விருத்தாசலத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. மகன் லீவில் வரும்போது வயலில் நாலைந்து இடத்தில் மண் எடுத்து ஒன்றாய்க் கலந்து கொண்டுபோகச் சொல்லுங்கள்.

வயலை அழிப்பது பற்றி: வேண்டாம். 45 நாள் அறுப்பும் ஒரு மூட்டையுமாக மூன்று அறுப்பு பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே ஆய்வகத்தில், அதே போல நடு வரிசையில் அறுத்த புல்லைக் கொடுங்கள். 9, 10 சதவீதத்துக்கு ஏறினால் ரகத்தில் குறையில்லை. ஏறாவிட்டால், தூர் செத்து இடைவெளி விழுந்த இடங்களில் மட்டும் கோ-5 கரணை வாங்கி நட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 'சூப்பர்' என்று பெயர் வைத்து இணையத்தில் விற்கும் கரணைக்கு மூன்று மடங்கு விலை கொடுக்க வேண்டாம். மண் பரிசோதனை முடிவும் மாட்டின் ரத்தப் பரிசோதனை முடிவும் வந்ததும் எழுதுங்கள், சோளத்தைத் தொடரலாமா என்பதை அதற்குப் பிறகு சொல்கிறேன். அதுவரை சோளம் பூத்த பின் மட்டும் அறுங்கள்.